பாரன் தீவா, மலஞ்ச்கண்டா, சித்தம்பூண்டியா?

போன வாரம் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி வந்தாள். எம்.எஸ்சி. ஜியாலஜி முடித்துவிட்டாள், அடுத்து பிஎச்.டி. "மேடம், எரிமலை வளைவு மாக்மாவிலிருந்து தாமிரப் படிவு எப்படி வருதுங்கிறதுதான் என் தலைப்பு. அது முடிவாயிடுச்சு. இடம்தான் முடிவாகல" என்றாள். கையில் ஒரு நோட்டு. மூன்று பக்கத்தில் மூன்று ஊர் எழுதியிருந்தாள்: அந்தமானில் பாரன் தீவு, மத்தியப் பிரதேசத்தில் மலஞ்ச்கண்ட், நம் நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி.

அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். சென்னையிலிருந்து இந்தத் துறைக்குள் நுழைகிற பலரும் இதே குழப்பத்தில்தான் நிற்கிறார்கள். எந்த ஊர் பக்கம், எங்கே ஆய்வுக்கூடம் கிடைக்கும், எதற்கு உதவித்தொகை வரும் என்றே யோசிக்கிறார்கள். ஆனால் ஊரை முடிவு செய்த அன்றைக்கே கேள்வியும் முடிவாகிவிடுகிறது. மாக்மா என்பது உருகிய பாறை. அது மேலோட்டுக்குக் கீழே உள்ள மேன்டில் அடுக்கில் பிறந்து மேலே வந்து உறைவது வரை நீண்ட பயணம். ஒவ்வொரு ஊர்ப் பாறையும் அந்தப் பயணத்தின் ஒரு கட்டத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறது. அதனால் முதலில் பயணம், அப்புறம் ஊர்.

கடலடித் தட்டு ஒன்று இன்னொரு தட்டுக்குக் கீழே அமிழ்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலில் ஊறிய தட்டு அது. கனிமங்களுக்குள்ளேயே நீர் கட்டுண்டு கிடக்கும். கீழே போகப் போக வெப்பமும் அழுத்தமும் ஏறி, அந்தக் கனிமங்கள் சிதைந்து நீரை விட்டுவிடுகின்றன. நீர் மேலே இருக்கும் மேன்டிலுக்குள் ஏறுகிறது. நீர் சேர்ந்தால் மேன்டில் பாறையின் உருகுநிலை சில நூறு டிகிரி இறங்கிவிடும். அப்படிப் பிறப்பதுதான் வளைவு மாக்மா. அமிழும் தட்டு சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தைத் தொடுகிற இடத்துக்கு மேலே எரிமலைகள் வரிசைகட்டி நிற்பதற்குக் காரணம் இதுதான்; வில்போல வளைந்த அந்த வரிசைக்குத்தான் எரிமலை வளைவு என்று பெயர். இரண்டு தட்டுகள் விலகும் நடுக்கடல் முகட்டில் பிறக்கும் மாக்மாவில் எடைக்கணக்கில் அரை சதவீதம்கூட நீர் இருக்காது. வளைவு மாக்மாவில் சராசரியாக 4 சதவீதம். இந்த 4 சதவீதம்தான் பின்னால் வரும் கதை முழுவதையும் நடத்துகிறது.

உலகத்தின் தாமிரத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு போர்ஃபிரிப் படிவுகளிலிருந்து, அதாவது எரிமலைக்கு அடியில் உறைந்த மாக்மாவிலும் அதைச் சுற்றியும் தாமிரம் பரவலாகப் படிந்த பாறைகளிலிருந்து, வருகிறது. சிலியின் எல் தெனியென்தே, சுக்கிகமாட்டா, இந்தோனேசியாவின் பட்டு ஹிஜாவு எல்லாம் எரிமலை வளைவின் வயிற்றுக்குள் உருவானவை. இதைப் படித்ததும் மாணவர்கள் சொல்லும் முதல் விடை, "அப்போ வளைவு மாக்மாவில் தாமிரம் அதிகம்." நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அளந்து பார்த்தவர்கள் வேறு சொல்கிறார்கள். 2012-ல் சின்-டி லீ குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி, வளைவின் ஆதி பசால்ட்டிலும் (மேன்டிலிலிருந்து வந்து அதிகம் மாறாத கருமையான எரிமலைப் பாறை) நடுக்கடல் முகட்டு பசால்ட்டிலும் தாமிரம் ஏறக்குறைய ஒரே அளவுதான். அதைவிட ஆச்சரியம் இன்னொன்று. கண்ட மேலோட்டின் சராசரித் தாமிரம் பத்து லட்சத்தில் சுமார் 27 பங்கு. அந்த பசால்ட்டுகளில் இருப்பதைவிட மிகக் குறைவு. கண்ட மேலோட்டில் பெரும்பகுதி வளைவு மாக்மாவால் கட்டப்பட்டது என்றால், வருகிற வழியிலேயே தாமிரம் எங்கோ இறங்கிவிட்டிருக்கிறது.

எங்கே இறங்கியது? மேலோட்டின் அடியில், 30–40 கிலோமீட்டர் ஆழத்தில் என்பதுதான் இன்றைய வலுவான கருத்து. மாக்மா அங்கே தேங்கி நிற்கிறது, குளிர்கிறது, சுற்றியுள்ள பாறையை உருக்கிச் சேர்த்துக்கொள்கிறது. ஹில்ட்ரெத்தும் மூர்பாத்தும் 1988-ல் சிலி எரிமலைகளை வைத்து விளக்கிய அடித்தள மண்டலம் இதுதான். அங்கே மாக்மாவில் கரைந்த கந்தகம் நிறைவெல்லையைத் தாண்டினால் உலோகத்தோடு சேர்ந்து சல்பைடு துளிகளாகப் பிரியும். தாமிரத்துக்குச் சல்பைடு என்றால் உயிர். இருக்கிற தாமிரம் எல்லாம் அந்தத் துளிகளுக்குள் ஓடிப் புகுந்துவிடும். ரசத்தின் மண்டி பாத்திரத்தின் அடியில் தங்குவது போல, கனமான அந்தத் துளிகள் அடியிலேயே தங்கிவிடும்.

2014-ல் மாசிமோ கியராடியா இன்னொரு முடிச்சைப் போட்டார். மேலோடு தடிமனாக இருக்கும் வளைவுகளில்தான் மாக்மா தாமிரத்தைச் சீக்கிரமாக இழக்கிறது என்றார். ஆனால் ஆண்டீஸ் மலைத்தொடரைப் பாருங்கள். தடித்த மேலோடு, உலகின் மிகப்பெரிய தாமிரப் படிவுகள். தாமிரத்தை இழந்த மாக்மாவிலிருந்து இவ்வளவு தாமிரம் எப்படி வந்தது?

இதற்கு இரண்டு பதில் சொல்கிறார்கள். அடியில் தங்கிய மண்டியைப் பின்னால் வந்த மாக்மா கலக்கி மேலே கொண்டுவந்தது என்பது ஒன்று. மண்டி மண்டியாகவே கிடக்கிறது, மேலே தெளிந்த ரசத்தில் இருந்த தாமிரமே போதும் என்பது இன்னொன்று. இரண்டாவது பதில் கேட்பதற்கு நம்ப முடியாததுபோல இருக்கும். ஆனால் ஜீன் கிளைனும் ராபர்ட் பாட்னரும் 1991-லேயே கணக்குப் போட்டு, சாதாரண வளைவு மாக்மாவே ஒரு சுரங்கத்துக்கான தாமிரத்தைத் தர முடியும் என்று காட்டிவிட்டார்கள். மாக்மா நிறைய இருக்க வேண்டும், நீர் நிறைய இருக்க வேண்டும், குளோரின் இருக்க வேண்டும், சில கிலோமீட்டர் ஆழத்தில் வந்து நிற்க வேண்டும். அங்கே அழுத்தம் குறைந்து நீர் பிரியும்போது தாமிரம் குளோரினோடு சேர்ந்து அந்த உப்புநீரில் ஏறிக்கொள்ளும். உப்புநீர் 400, 300 டிகிரிக்கு ஆறும்போது குவார்ட்ஸ் நரம்புகளில் சால்கோபைரைட் என்ற தாமிரக் கனிமமாகப் படியும்.

மண்டியா, தெளிவா? இந்த ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு மூன்று ஊரையும் பார்க்கலாம்.

பாரன் தீவில் இருப்பது பயணத்தின் முதல் கட்டம். போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டரில் இருக்கும் அது இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை. நீண்ட உறக்கத்துக்குப் பின் 1991-ல் விழித்தது. அதற்குப் பிறகு பலமுறை குமுறிவிட்டது. அதன் பாறை பெரும்பாலும் பசால்ட்டும், அதைவிடச் சற்று சிலிக்கா கூடிய பசால்ட்டிக் ஆண்டிசைட்டும். மேன்டிலிலிருந்து கிளம்பிய மாக்மா அதிகம் மாறாமல் மேலே வந்திருக்கிறது. கரும்சாம்பல் நிறத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தால் சோப்பு நுரைபோல ஓட்டை ஓட்டையாக இருக்கும். லென்ஸில் பார்த்தால் பச்சை ஒலிவின் மணிகள். அந்த மணிக்குள் சிறைப்பட்ட நுண்ணிய கண்ணாடித் துளிகளில்தான் மாக்மாவின் ஆதி நீரும் கந்தகமும் தாமிரமும் பதிவாகி இருக்கும். தட்டிலிருந்து நீர் மட்டும் வந்ததா, கடலடி வண்டலும் உருகிச் சேர்ந்ததா என்று கேட்க இதைவிட நல்ல இடம் நம் நாட்டில் இல்லை. பக்கத்திலேயே நார்கொண்டம் தீவு, அங்கே ஆம்பிபோல் என்ற நீர் கொண்ட கனிமம் உள்ள, சிலிக்கா மிகுந்த டேசைட் பாறை. இரண்டையும் ஒப்பிட்டாலே ஒரு நல்ல அத்தியாயம் ஆகும்.

இன்னொரு அழகும் உண்டு. இந்த வளைவு வடக்கே மியான்மரில் மொனிவா தாமிரச் சுரங்கம் இருக்கும் எரிமலைப் பட்டையோடும், தெற்கே சுந்தா வளைவு வழியாகப் பட்டு ஹிஜாவோடும் தொடர்கிறது. இரண்டு பெரிய சுரங்கங்களுக்கு நடுவே சுரங்கம் இல்லாத ஒரு தீவு! ஆனால் தாமிரம் எங்கே தங்கியது என்று பாரன் தீவு சொல்லாது. அது தொடக்கக் கணக்கு மட்டும்தான். தீவில் இறங்க வனத்துறை அனுமதியும் கப்பலும் வேண்டும். இரண்டும் ஒரே நாளில் அமைவது அரிது. ஏற்கெனவே எடுத்து வைத்த மாதிரிகள் இருக்கும் ஆய்வுக்கூடத்தில் சேர முடிந்தால் மட்டும் இதை எடுக்கலாம். வேதியியலில் ருசி உள்ளவர்கள், கருவி முன்னால் பத்து மணி நேரம் உட்கார முடிகிறவர்கள் நன்றாகச் செய்வார்கள். என் மாணவி அந்த ரகம் இல்லை. சுத்தியல் கையில் இல்லாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

மலஞ்ச்கண்ட் கடைசிக் கட்டம். பாலாகாட் மாவட்டத்தில் இருக்கும் நாட்டின் முதன்மையான தாமிரச் சுரங்கம் அது. கிரானைட்டுக்குள் குவார்ட்ஸ் நரம்பு, அதற்குள் சால்கோபைரைட். வெட்டிய புது முகத்தில் வெள்ளைக் குவார்ட்ஸில் பித்தளை நிறத்தில் அது மின்னும்போது யாருக்கும் ஆசை வரும். அங்குள்ள மாலிப்டினைட் என்ற கனிமத்தை ரீனியம்–ஆஸ்மியம் முறையில் கணித்ததில் வயது சுமார் 249 கோடி ஆண்டுகள் என்று வந்தது. அதை வைத்து, இது உலகின் மிகப் பழைய போர்ஃபிரிப் படிவுகளில் ஒன்று, ஆண்டீஸ் சுரங்கங்களின் மூதாதை என்று ஒரு தரப்பு சொல்கிறது. இன்னொரு தரப்பு, நரம்புகளின் அமைப்பும் திரவத்தின் தன்மையும் போர்ஃபிரிக்குப் பொருந்தவில்லை, கிரானைட்டுக்கும் தாமிரத்துக்கும் நேரடி உறவு இல்லை என்கிறது. சண்டை இன்னும் ஓயவில்லை.

இளைஞர்களுக்குச் சண்டை நடக்கும் இடம் பிடிக்கும். ஆனால் இந்தச் சண்டை எதைப் பற்றியது என்று கவனியுங்கள். கடைசிச் சில கிலோமீட்டரில் நீரும் தாமிரமும் எப்படி நடந்துகொண்டன என்பதைப் பற்றியது. அதற்கு முன்னால் ஆழத்தில் என்ன நடந்தது என்பதை அந்தக் கிரானைட் மறைமுகமாகத்தான் சொல்லும். ஜிர்கான் என்ற கனிமத்தின் நுண்ணிய மணிகளை எடுத்து, அவற்றில் யூரோப்பியமும் சீரியமும் எவ்வளவு என்று பார்த்து, மாக்மா எவ்வளவு ஈரமானது, எவ்வளவு ஆக்சிஜனேற்றம் பெற்றது என்று ஊகிக்கலாம். நல்ல வேலைதான். கனிம ஆய்வுத் துறையில் வேலை வேண்டும் என்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி கிடையாது; நாளைக்கு நேர்முகத்தேர்வில் துளையிட்டு எடுத்த பாறை மாதிரி பார்த்திருக்கிறாயா என்று கேட்டால், பார்த்திருக்கிறேன் என்று சொல்லலாம். ஒரு தடை, சுரங்கத்துக்குள் நுழையும் அனுமதி. என் மாணவன் ஒருவன் வேறொரு சுரங்கத்துக்கு விண்ணப்பித்துவிட்டுப் பத்து மாதம் காத்திருந்தான். பதில் வந்தபோது அவனுடைய உதவித்தொகையில் முதல் ஆண்டு முடிந்துவிட்டிருந்தது. அந்தப் பத்து மாதத்தை அவனுக்கு யாரும் திருப்பித் தரவில்லை. அதனால் மலஞ்ச்கண்டை எடுப்பவர்கள் அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகே தலைப்பைப் பதிவு செய்யுங்கள்.

லடாக்கையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று மாணவி கேட்டாள். வளைவின் குறுக்குவெட்டு முழுதாகத் தெரியும் கோஹிஸ்தான் எல்லைக்கு அந்தப் பக்கம் பாகிஸ்தானில் இருக்கிறது. நம் பக்கத்து லடாக்கில் தெரிவது பெரும்பாலும் மேல்தளக் கிரானைட். ஆண்டில் சில மாதம்தான் வேலை செய்ய முடியும். அதை அத்தோடு விட்டோம்.

இனி சித்தம்பூண்டி. அதற்கு முன்னால் பல்லாவரம்.

சென்னையில் ஜியாலஜி படித்த யாரையும் முதல் வாரமே பல்லாவரத்துக்கோ பரங்கிமலைக்கோ கூட்டிப்போவார்கள். ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893-ல் இந்தப் பாறைக்கு சார்னோகைட் என்று பெயர் வைத்தார். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை இந்தப் பாறையில் செய்யப்பட்டது என்பதால் அந்தப் பெயர். மகேந்திரவர்மன் பல்லாவரத்தில் குடைவித்ததும் இதே கல்லைத்தான். புதிதாக உடைத்த துண்டைப் பாருங்கள்: எண்ணெய் தடவியதுபோல ஒரு பளபளப்பு, இருண்ட பச்சை, குவார்ட்ஸ்கூட நீலம் பாய்ந்து இருக்கும். சுத்தியலுக்கு லேசில் மசியாது, கை அதிரும். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இருபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் வெந்து இறுகிய பாறை இது. இதன் மூலப்பாறை எரிமலை வளைவு மாக்மாவிலிருந்து உறைந்தது என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மேலே இருந்த எரிமலைகளும், அவற்றின் வயிற்றில் இருந்திருக்கக்கூடிய தாமிரமும் அரித்துப் போய்விட்டன. மிஞ்சியது அடித்தளம். திரிசூலம் குன்றுக்குப் பக்கத்தில் மின்சார ரயில் போகும்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பது இதற்காகத்தான். ஆண்டீஸ் மலைக்குக் கீழே இன்று என்ன இருக்கிறது என்று சிலியில் துளையிட்டாலும் எட்ட முடியாது. அதைப் போன்ற ஒன்று நமக்குப் பல்லாவரத்தில் கிடக்கிறது.

பல்லாவரத்துப் பாறை வளைவின் நடு, கீழ்த் தளம் என்றால், சித்தம்பூண்டி பாத்திரத்தின் அடி. அங்கே அடுக்கடுக்காக அனார்த்தோசைட் என்ற வெளிர் பாறை, அதற்கிடையில் குரோமியத் தாதுவான குரோமைட் பட்டைகள், கறுப்பு ஆம்பிபோல், சில இடங்களில் மாதுளை முத்துபோலச் சிவந்த கார்னெட். சந்திரயான்-2-க்காக நிலவு மண்ணைப் போன்ற பொடி தேவைப்பட்டபோது இந்தப் பகுதிக் கல்லைத்தான் அரைத்தார்கள், செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். இந்திய நிலவியல் ஆய்வு மையம் இங்கே பிளாட்டினக் குழு உலோகங்களையும் தேடியிருக்கிறது. சுமார் 250 கோடி ஆண்டு வயது. நீர் நிறைந்த வளைவு மாக்மாவிலிருந்து படிகங்கள் அடியில் படிந்து உருவானது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். அனார்த்தோசைட்டில் கால்சியம் இவ்வளவு தூக்கலாக இருப்பதற்கு அந்த நீரே காரணம் என்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் பழைய விவாதம் ஒன்றைத் தொட வேண்டியிருக்கிறது. தாமிரச் சுரங்கத்தை ஒட்டிய பாறைகளில் ஸ்ட்ரான்சியம் அதிகமாகவும் இட்ரியம் குறைவாகவும் இருக்கும். அமிழும் தட்டே உருகினால் இப்படி வரும் என்று 1990-ல் சொன்னார்கள். அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் உள்ள அடாக் தீவை வைத்து அந்தப் பாறைக்கு அடாகைட் என்று பெயர் வந்தது. சிறிது காலம் அடாகைட் இருந்தால் தாமிரம் இருக்கும் என்றே பலர் நம்பினார்கள். ஆனால் தட்டு உருகாமலே அதே முத்திரை கிடைக்கும். ஈரமான மாக்மா மேலோட்டின் அடியில் தேங்கும்போது ஆம்பிபோலும் கார்னெட்டும் இட்ரியத்தை வாங்கிக்கொள்ளும். நீர் நிறைய இருப்பதால், ஸ்ட்ரான்சியத்தை வாங்கும் பிளேஜியோகிளேஸ் என்ற கனிமம் தாமதமாகத்தான் படியும், ஸ்ட்ரான்சியம் மாக்மாவிலேயே நிற்கும். பெரும்பாலான தாமிர வளைவுகளுக்கு இந்த இரண்டாவது விளக்கமே சரி என்பது என் முடிவு. அது சரி என்றால், தாமிரத்தின் தலையெழுத்து தீர்மானமாவது அமிழும் தட்டிலும் இல்லை, சுரங்கத்திலும் இல்லை, அந்த அடித்தளத்தில். இட்ரியத்தை வாங்கிய அதே ஆம்பிபோலுக்குப் பக்கத்தில்தான் சல்பைடு மண்டியும் இருக்க வேண்டும்.

எல்லா மாக்மாவும் மண்டி விடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜனேற்றம் அதிகமானால் கந்தகம் சல்பேட்டாகக் கரைந்தே இருக்கும், சல்பைடு பிரியாது. 1991-ல் பிலிப்பைன்ஸின் பினாதுபோ எரிமலை வெடித்தபோது வந்த நுரைக்கல்லில் அன்ஹைட்ரைட் படிகங்கள் இருந்தன. கால்சியம் சல்பேட் மாக்மாவிலேயே படிகமாகியிருந்தது. அப்படிப்பட்ட மாக்மா தாமிரத்தை வழியில் தொலைக்காமல் மேலே கொண்டுபோகும். ஆக, சித்தம்பூண்டியில் சல்பைடு இருந்தாலும் ஒரு பதில், அறவே இல்லாவிட்டாலும் ஒரு பதில். நான் இந்த இடத்தை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

செலவும் குறைவு. சென்னையில் ராத்திரி பஸ் ஏறினால் காலையில் நாமக்கல்லில் டிபன் சாப்பிடலாம். மாதிரி போதவில்லை என்றால் அடுத்த வாரமே திரும்பப் போகலாம். பேச்சு மொழி பிரச்சினை இல்லை. வயலுக்குள் இறங்கும்போது "அண்ணே, ஒரு கல்லு உடைச்சுக்கிறேன்" என்று கேட்டால் பல சமயம் அவர்களே நல்ல பாறை எங்கே என்று காட்டிவிடுவார்கள்.

ஆபத்து ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் அனுப்பக் கூடாது. சித்தம்பூண்டி உறைந்த நாளோடு கதை முடியவில்லை. பின்னால் கடுமையான வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியிருக்கிறது. இன்று தெரியும் சல்பைடு மாக்மா காலத்தது என்று எப்படிச் சொல்வது? உருமாற்றத்தின்போது இடம் மாறியதாக இருக்கலாம். பரிசோதகர் கேட்கப்போகும் முதல் கேள்வி இதுதான்.

அதனால் அவளுக்கு ஒரு யோசனை சொன்னேன். ஐந்து ஆண்டுக்கும் சேர்த்து இன்றே முடிவு செய்ய வேண்டாம், ஆறு மாதத்துக்கு முடிவு செய். இருபது துண்டு எடு. குரோமைட் பட்டையிலிருந்து ஐந்து, அதற்கு ஒட்டிய ஆம்பிபோல் பாறையிலிருந்து பத்து, வெள்ளை அனார்த்தோசைட்டிலிருந்து ஐந்து. எல்லாவற்றையும் மெல்லிய பாறைச் சீவலாக, அதாவது மெருகேற்றிய தின் செக்‌ஷனாக வெட்டு. நுண்ணோக்கியில் பிரதிபலித்த ஒளியில் பார். சல்பைடு குரோமைட் மணிக்கு உள்ளேயும், ஆதி படிகங்களுக்கு உள்ளேயும் உருண்டைத் துளியாக அடைபட்டிருந்தால் அது மாக்மா காலத்தது. சித்தம்பூண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். மணிகளின் எல்லையிலும் வெடிப்பிலும் மட்டும் படர்ந்திருந்தால் பின்னால் வந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அப்போது மலஞ்ச்கண்டின் ஜிர்கானுக்கு மாறிவிடு; அதற்கான அனுமதிக் கடிதத்தை இன்றைக்கே அனுப்பி வை, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

"அப்போ பாரன் தீவு, மேடம்?" என்றாள். தொடக்கக் கணக்குக்கு ஏற்கெனவே வெளியான அளவீடுகளையே எடுத்துக்கொள்ளலாம் என்றேன். முகம் கொஞ்சம் வாடியது. எரிமலையைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய சின்ன வயது ஆசை. 

நோட்டில் மூன்றாவது பக்கத்தைத் திறந்து, இருபது துண்டின் பட்டியலை வரிசையாக எழுத ஆரம்பித்தாள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பல்லாவரம் ஸ்டேஷனில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். நாமக்கல்லுக்குப் போகும் முன், கண்ணுக்குப் பழக, ஒருமுறை நம் ஊர்ப் பாறையில் சல்பைடு தேடிப் பார்க்கலாம் என்று. லென்ஸும் இரண்டு லிட்டர் தண்ணீரும் கொண்டுவரச் சொன்னேன். சுத்தியல் என்னுடையது இருக்கிறது.